விடுதிக் கதவும் வானவில்லும்

சென்னையின் முதல் வானவில் பேரணி 2009 ஜூனில் நடந்தது. அதன்பின் ஜூன் கடைசி ஞாயிறு பலருக்கும் ஆண்டுக்கொரு திருநாள். பறையும் பதாகையுமாக மாலையில் நடை. இருட்டியபின் ஆட்டம், பாட்டு. நகரத்து இரவு எல்லோருக்குமாகத் திறந்துவிட்டதுபோல ஒரு தோற்றம்.

பேரணிக்குப் போன என் மாணவி ஒருத்தி ஆட்டம் தொடங்குமுன்பே ஓடிவந்துவிட்டாள். விடுதிக் கதவை ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். கன்னத்தில் வரைந்திருந்த வானவில்லைப் பேருந்திலேயே துடைத்ததாகச் சொன்னாள்.

பேரணிகளுக்கெல்லாம் மூத்தது கூவாகத்து இரவு. சித்திரைத் திருவிழாவில் திருநங்கையர் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு விடியவிடிய ஆடுகிறார்கள். விடிந்ததும் அரவான் களப்பலி. தாலியறுப்பு, ஒப்பாரி, வெள்ளைச் சேலை. அந்த ஓரிரவுக்கும் பெண்ணுக்கான விலையையே மரபு கேட்கிறது: கைம்மை.

2021இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு முக்கியமான உத்தரவு தந்தது. காணவில்லை என்று வந்த புகாரை வைத்துக்கொண்டு, மனமொத்து வாழும் வயதுவந்த பால்புதுமையரைக் காவல்துறை துன்புறுத்தக் கூடாது என்றது. வழக்குத் தொடுத்தவர்கள் வீட்டாரின் எதிர்ப்பால் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள். யாரும் கதவைத் தட்டாத ஓர் இரவுதான் அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது.

நம் கொண்டாட்டங்களை இந்தப் பெண்களின் இடத்திலிருந்து அளக்கவேண்டும். அடுத்த ஜூனுக்குத் திட்டமிடுகிறவர்கள் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்பாக, கடைசிப் பேருந்தையும், கதவு பூட்டியபின் ஒரு பெண் எங்கே தங்குவாள் என்பதையும் பேசட்டும்.