குனிந்த தலையோடு ஓடியவர்

2024 ஜூனில் ஹாம்பர்க் நகரில் ஜார்ஜியாவுக்கு எதிராக பத்ரிக் ஷிக் ஒரு கோல் போட்டார். யூரோ கோப்பையில் அது அவருடைய ஆறாவது கோல். செக் நாட்டுக்காக அந்தப் போட்டியில் ஐந்து கோல்களோடு இருபதாண்டு காலம் முன்னிலையில் இருந்த மிலான் பரோஷ் அன்றைக்கு இரண்டாம் இடத்துக்குப் போனார். அதையொட்டி பழைய வழக்கு ஒன்று மறுபடியும் கிளம்பியது. 2004இல் தங்கக் காலணி வாங்கிய இருபத்திரண்டு வயது இளைஞனை கிளப்புகள் பாழாக்கிவிட்டன, லிவர்பூலில் ரஃபா பெனிடெஸ் அவனுக்குத் தொடர்ந்து ஆட இடம் தந்திருந்தால் ஐரோப்பாவின் முதல்வரிசை ஸ்டிரைக்கர்களில் ஒருவனாக அவன் நிலைத்திருப்பான் என்பதுதான் அந்த வாதம். 2004 கோடையிலிருந்தே இதைக் கேட்டுவருகிறேன். அப்போதும் ஏற்கவில்லை, இப்போதும் ஏற்க முடியவில்லை.

அவருடைய சிறப்புகளை மறைக்க வேண்டியதில்லை. வேகம் இருந்தது. அந்த வேகத்திலும் பந்து காலை விட்டு விலகாது. இடித்தாலும் விழமாட்டார். தொண்ணூற்று மூன்று சர்வதேச ஆட்டங்களில் நாற்பத்தொரு கோல்கள், சாம்பியன்ஸ் லீக் பட்டம், துருக்கியில் ஒரு பருவம் கோல் மன்னன் என்ற பெயர். ஆஸ்த்ராவாவின் பானிக் கிளப்பில் தொடங்கியவர், கடைசியில் அங்கேயே திரும்பிவந்து 2020இல் ஓய்வு பெற்றார். இத்தனையும் சாதாரண ஆட்டக்காரனுக்கு வாய்ப்பதில்லை.

என் குறை ஒன்றே ஒன்று. பந்து காலுக்கு வந்த கணத்தில் அவருடைய தலை குனிந்துவிடும், பிறகு நிமிராது.

லிவர்பூலில் அவர் ஆடிய ஆட்டங்களில் எதை எடுத்துப் பார்த்தாலும் இது தெரியும். நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்து கிடைக்கிறது. வலது காலால் ஒரு தட்டு, தோள் முன்னே சாய்கிறது, பார்வை பந்தின் மேல். முதல் தடுப்பாட்டக்காரரைத் தாண்டிவிடுகிறார். அரங்கம் எழுந்து நிற்கிறது. இடது ஓரத்தில் ஒருவர் கையைத் தூக்கியபடி ஓடிவருகிறார், அவரைச் சுற்றி ஒருவரும் இல்லை. பரோஷ் அவரைப் பார்ப்பதே இல்லை. இரண்டாவது ஆள் எதிர்ப்படுகிறார், அவரையும் தாண்டப் பார்க்கிறார். மூன்றாவது ஆளின் காலில் பந்து மாட்டிக்கொள்கிறது. அல்லது குறுகிய கோணத்திலிருந்து அடித்த பந்து வெளிவலையில் போய் விழுகிறது. கூட்டம் கைதட்டுகிறது, ஏனென்றால் அந்த ஓட்டத்தில் உண்மையான துணிச்சல் இருந்தது. ஆனால் அந்தத் தாக்குதல் அணியினுடையதாக இருந்து தனியொருவருடையதாகிவிட்டது.

இதைச் சுயநலம் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். சுயநலம் இல்லை. பெனால்டி பெட்டிக்குள் பந்தில்லாமல் ஓடும்போது அவரைப் போலத் தன்னைத் தந்து ஆடியவர்கள் குறைவு. அடிபடுவார், எழுந்து மறுபடி ஓடுவார். சிக்கல் மனத்தில் இல்லை, கண்ணில்தான். பந்தோடு ஓடும்போது மைதானம் அவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஒரு ஸ்டிரைக்கருக்கு இதைவிடப் பெரிய ஊனம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இப்போது அந்தத் தங்கக் காலணிக்கு வருவோம். ஐந்து கோல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் விருது யாருடையது என்பது வேறுவிதமாகத் தெரிகிறது. லாத்வியாவுக்கு எதிரான முதல் கோல், கரேல் பொபொர்ஸ்கி அனுப்பிய கிராஸை எதிரணி சரியாக விலக்காததால் கிடைத்தது. நெதர்லாந்துக்கு எதிராக ஆவெய்ரோவில் நடந்த அந்த மறக்க முடியாத ஆட்டத்தில் பவெல் நெத்வெத் பந்தை உள்ளே தூக்கிக் கொடுக்க, யான் கொல்லர் மார்பில் வாங்கி இறக்கிவைக்க, பரோஷ் அது தரையைத் தொடும் முன் வலைக்குள் அறைந்தார். காலிறுதியில் டென்மார்க்குக்கு எதிராக இரண்டு. முதலாவதில் பொபொர்ஸ்கியின் நீண்ட பாஸ் தடுப்பு வரிசையைப் பிளந்துகொண்டு வந்தது, பரோஷ் முன்னேறிவந்த கோல்கீப்பரின் தலைக்கு மேலே பந்தை மெல்லத் தூக்கிவிட்டார். இரண்டே நிமிடத்தில் நெத்வெத் கொடுத்த பாஸில் அடுத்தது. தன் காலால் ஓடித் தானே உண்டாக்கியது என்றால் ஜெர்மனிக்கு எதிரான கோல் மட்டும்தான். அதிலும் முதல் அடியை ஆலிவர் கான் தடுத்தார், திரும்பிவந்த பந்துதான் உள்ளே போனது.

ஆக, நான்கு கோல்களில் வேறொருவர் பார்த்துக் கொடுத்தார், இவர் முடித்துவைத்தார். முடித்துவைப்பதும் ஒரு கலைதான், டென்மார்க் கோல்கீப்பரின் மேலே பந்தைத் தூக்கிய அந்தத் தொடுதல் எல்லோருக்கும் வராது. ஆனால் அந்தக் கோல்களில் அவர் மைதானத்தை அறிய வேண்டிய அவசியமே வரவில்லை. பொபொர்ஸ்கியும் நெத்வெத்தும் தோமாஷ் ரோசிட்ஸ்கியும் அவருக்காகப் பார்த்தார்கள். பயிற்சியாளர் கரேல் ப்ரூக்னர் அவருடைய குறையை அறிந்து, அது வெளியே தெரியாதபடி ஓர் அணியைக் கட்டியிருந்தார். பக்கத்தில் 202 சென்டிமீட்டர் உயரத்தில் கொல்லர் நின்றார். கோலுக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்குவது, நிறுத்துவது, யார் எங்கே வருகிறார் என்று பார்த்துத் தள்ளிவிடுவது, இதெல்லாம் கொல்லரின் வேலை. பரோஷின் வேலை ஓடுவது மட்டும்.

இங்கே எனக்கு எதிராக இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று அதே நெதர்லாந்து ஆட்டம். இரண்டு கோல் பின்தங்கியிருந்த நேரத்தில் ஃபிலிப் கொக்கு தவறவிட்ட பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடிய பரோஷ், தானே அடிக்காமல் குறுக்கே கொல்லருக்குத் தள்ளினார். செக் அணியின் மீட்சி அங்கேதான் தொடங்கியது. இன்னொன்று 2005 மே மாதம், இஸ்தான்புல். ஏ.சி. மிலானுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ஜேமி காராகர் முன்னேறிவந்து கொடுத்த பந்தை பரோஷ் ஒரே தட்டில் ஸ்டீவன் ஜெரார்டின் பாதையில் விட்டார். கட்டூசோ ஜெரார்டை வீழ்த்த, பெனால்டி கிடைத்து ஆட்டம் மூன்றுக்கு மூன்று ஆனது. இரண்டும் அழகான தருணங்கள். ஆனால் உற்றுப் பாருங்கள், இஸ்தான்புல்லில் அவர் பந்தோடு ஓடவே இல்லை. வந்த பந்தை ஒரே தொடுதலில் விட்டார். தலை குனிய நேரமில்லாதபோது அவரிடம் நல்ல பாஸ் இருந்தது. ஆவெய்ரோவில் செய்தது மட்டும்தான் உண்மையான விதிவிலக்கு. அந்த ஓட்டம் இருபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுவதே அது அபூர்வமானது என்பதால்தான்.

ஃபிலிப்போ இன்ஸாகியும் பிறர் கொடுத்ததை முடித்துவைத்தே வாழ்ந்தவர். ஆனால் அவர் பந்தை வைத்திருக்க ஆசைப்பட்டதில்லை. தன் எல்லை அவருக்குத் தெரிந்திருந்தது, ஒரு தொடுதலில் வேலையை முடித்துவிடுவார். பரோஷ் தன்னை வேறுமாதிரி எண்ணிக்கொண்டார். ஆஸ்த்ராவாவில் அவரை மரடோனா என்று அழைத்தார்கள். அந்தப் பட்டம் அவருக்கு நல்லது செய்யவில்லை.

பெனிடெஸ் வழக்கைப் பார்ப்போம். மைக்கேல் ஓவன் 2004 ஆகஸ்டில் மாட்ரிட் போனதும் முன்களத்தில் முதல் இடம் பரோஷுக்குத்தான் வந்தது. கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக மூன்று கோல்கள் போட்டார், அதில் இரண்டு பெனால்டி. பருவம் முடிந்தபோது லீக்கில் ஒன்பது கோல்கள். பின்னாலிருந்து பாஸ் கொடுக்க ஜெரார்ட் இருந்தார், காயம்பட்ட மாதங்கள் போக ஷாபி அலோன்சோ இருந்தார். பந்து கொடுக்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இறுதியாட்டத்திலும் தொடக்கத்திலிருந்தே ஆடினார். இதற்குப் பிறகும் வாய்ப்புத் தரவில்லை என்றால், வாய்ப்பு என்பதற்கு வேறு என்ன பொருள்?

2005 கோடையில் பெனிடெஸ் பீட்டர் க்ரௌச்சை வாங்கி, பரோஷை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றார். அந்த க்ரௌச் டிசம்பர் தொடக்கம் வரை லிவர்பூலுக்காக ஒரு கோல்கூடப் போடவில்லை. பத்திரிகைகள் கிழித்தன. பெனிடெஸ் அசையவில்லை, வாரா வாரம் ஆடவைத்தார். மாதக்கணக்கில் கோலே போடாத ஒருவரை வைத்துக்கொண்டு, யூரோவில் அதிக கோல் போட்டவரை ஏன் விட்டார் என்பதை பரோஷின் ஆதரவாளர்கள் யோசித்துப் பார்ப்பதில்லை. க்ரௌச் பந்தை வாங்கி நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, பின்னால் வருபவருக்குக் கொடுத்தார். அணி முன்னேறியது. வில்லாவிலும் இதே கதைதான். மார்ட்டின் ஓ’நீல் 2007 ஜனவரியில் பரோஷை லியோனுக்குக் கொடுத்துவிட்டு பதிலுக்கு யான் கேரியூவை எடுத்துக்கொண்டார். இரண்டு கிளப்புகள், இரண்டு பயிற்சியாளர்கள், ஆளுக்கொரு திசையில் சிந்திப்பவர்கள். இருவரும் வேகக்காரரைக் கொடுத்து, பந்தை வைத்துக்கொள்ளத் தெரிந்த நெட்டையரை எடுத்தார்கள். உயரம் மட்டும் காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை. லியோனில் அவரை வரவேற்றவர் லிவர்பூலில் முதலில் வாங்கிய அதே ஜெரார் ஊலியே. இரண்டு முறை நம்பிக்கை வைத்த ஒரு பயிற்சியாளர் கிடைத்தும் அவரால் வேரூன்ற முடியவில்லை. அங்கிருந்து 2008இல் போர்ட்ஸ்மவுத்துக்கு இரவலாகப் போனார். எஃப்.ஏ. கோப்பை வென்ற அணியில் இருந்தார். ஓல்ட் ட்ராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்திய பெனால்டி அவருடைய ஓட்டத்தால் கிடைத்ததுதான். கோல் மட்டும் ஒன்றும் வரவில்லை.

கலத்தசராய்க் காலத்தைக் காட்டி வாதிடுவோர் உண்டு. 2008-09இல் துருக்கி லீக்கில் இருபது கோல்கள், சந்தேகமில்லை. லின்கன், அர்தா துரான், ஹாரி க்யூவெல் மூவரும் பின்னாலிருந்து பார்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பருவம் கலத்தசராய் ஐந்தாம் இடத்தில் முடிந்தது. கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஸ்டிரைக்கரை அளப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

காயங்களையும் சொல்வார்கள். 2003 செப்டம்பரில் பிளாக்பர்னில் கணுக்கால் முறிந்தது உண்மை, பல மாதங்கள் போயின. ஆனால் யூரோ 2004 அதற்குப் பிறகுதானே வந்தது. முறிந்த கால் அவருடைய வேகத்தைத் தின்றுவிடவில்லை.

உண்மையில் தேசிய அணியே எல்லாவற்றையும் வெட்டவெளிச்சமாக்கிவிட்டது. போர்ட்டோவில் கிரீஸுக்கு எதிரான அரையிறுதியில் முதல் பாதி முடியுமுன்பே நெத்வெத் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். கிரீஸின் தடுப்பாட்டக்காரர் செய்தாரிதிஸ் பரோஷின் நிழலாக ஒட்டிக்கொண்டார். பார்த்துக் கொடுப்பவர்களில் முதன்மையானவர் போனதும், அதுவரை நான்கு ஆட்டங்களில் ஐந்து கோல் போட்டவர் அன்றைக்கு வெறுங்காலோடு திரும்பினார். 2006 உலகக் கோப்பையில் கொல்லர் முதல் ஆட்டத்திலேயே தொடைத்தசை கிழிந்து விலகினார். இத்தாலிக்கு எதிராக பரோஷ் ஆடினார், கோல் இல்லை. யூரோ 2008இலும் இல்லை. 2012இல் கொல்லர் இல்லை, நெத்வெத் இல்லை, பொபொர்ஸ்கி இல்லை, ரோசிட்ஸ்கியும் கிரீஸ் ஆட்டத்தோடு காயத்தால் ஒதுங்கினார். அப்போதைய பயிற்சியாளர் மிஹல் பீலெக் பரோஷைத் தனி ஸ்டிரைக்கராக நிறுத்தினார். நான்கு ஆட்டங்களிலும் தொடக்கத்திலிருந்து ஆடினார். செக் அணி அந்தத் தொடரில் போட்ட நான்கு கோல்களும் பிலாரும் யிராச்செக்கும் போட்டவை. ஒரு போட்டியில் ஐந்து, அடுத்த மூன்று பெரிய போட்டிகளில் சுழியம்.

வார்சாவில் போர்ச்சுகலுக்கு எதிரான அந்தக் காலிறுதிதான் செக் சட்டையில் அவருடைய கடைசி ஆட்டம். தன் பாதியிலிருந்து அடித்துவிடப்பட்ட நெடும்பந்துகளை முதுகைக் காட்டி வாங்கி, நிறுத்தி, துணைக்கு ஆள் வரும்வரை வைத்திருக்க வேண்டிய வேலை அன்று அவருடையது. எட்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்தில் நின்று கொல்லர் செய்துகாட்டிய அதே வேலை. முப்பது வயதில் அவருக்கு அது வரவில்லை. பந்து வரும், இரண்டு பேர் நெருக்குவார்கள், அவர் திரும்பி ஓடப் பார்ப்பார், பந்து போய்விடும். எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் ரொனால்டோ தலையால் முட்டி அந்தத் தொடரை முடித்துவைத்தார்.

2004ஐ வைத்து பரோஷுக்காக வாதாடுபவர்கள் பெனிடெஸைக் கேட்கும் கேள்வியை ப்ரூக்னர் அணியிடம் கேட்க வேண்டும். நெத்வெத், பொபொர்ஸ்கி, ரோசிட்ஸ்கி, கொல்லர் நால்வரையும் ஒரே ஆட்டக்காரரைச் சுற்றி நிறுத்த எந்தக் கிளப்பால் முடிந்திருக்கும்? அந்த நால்வரில் ஒருவருக்கும் அந்தப் போட்டியில் காலணி கிடைக்கவில்லை. தன் நாட்டுக்குத் தொண்ணூற்றொரு ஆட்டங்களில் ஐம்பத்தைந்து கோல் போட்ட கொல்லருக்கும்கூட.