சீருடை இல்லாத பயம்

ரோமை விட்டு நாஜிகள் போன மறு வருஷமே, 1945இல், ரோஸலினி 'ரோம், திறந்த நகரம்' படத்தை வெளியிட்டுவிட்டார். அதில் பயத்துக்குச் சீருடை உண்டு. யாழ்ப்பாணத்தில் 1985இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பும் பெரும்பாலும் இந்தத் தெளிவில்தான் நிற்கிறது: தெருவில் ராணுவம், வீட்டுக்குள் நாம்.

சிவரமணியிடம் இது குலைகிறது. 1989இல் ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்புகையில் சுடப்பட்ட ஊர் அது. சுட வருகிறவன் தமிழ் பேசுகிறவனாகவும் இருக்கலாம். யுத்த இரவு குழந்தைமையைப் பறிப்பதை எழுதுகிறார், பறிப்பவனுக்குப் பெயரில்லை. 1991இல் கவிதைகளை எரித்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார்.

மஞ்சக்குப்பத்தில், பாங்கு வேலை முடிந்து வந்து, இதை 'மௌனத்தின் அழகு' என்று நானும் எழுதியிருக்கிறேன். நமக்கு மௌனம் ஓர் உத்தி. அவருக்கு நெரிபட்ட குரல். இரண்டையும் ஒன்றாக்கிய என் விமர்சனம் பொய்.