நோய்க்கொரு ராகம் என்னும் பட்டியல்

ஆனந்தபைரவி கேட்டால் ரத்த அழுத்தம் குறையும், நீலாம்பரி தூக்கம் தரும், பிலஹரி மனச்சோர்வை விரட்டும், முகாரி அழவைக்கும். இப்படி நீளும் பட்டியல் வாட்ஸப்பில் வந்து சேராத வீடு இன்று அநேகமாக இல்லை. மருத்துவமனை வரவேற்பறைகளில் அதை அச்சடித்து மாட்டுகிறார்கள். மார்கழி சீசனில் இதற்கென்றே விரிவுரைகள் நடக்கின்றன. எட்டு மணி நேரம் ஓடும் நீலாம்பரி யூடியூபில் கிடைக்கிறது. சங்கீதம் நன்றாகத் தெரிந்த நண்பர்கள் சிலர் இதற்காகப் பரிந்து பேசுவதையும் அண்மைக் காலமாகக் கேட்கிறேன். "யாருக்கு என்ன கெடுதல்? இந்தச் சாக்கிலாவது நாலு பேர் கர்நாடக இசை கேட்கிறார்களே" என்கிறார்கள். அந்தப் பரிவு தவறான இடத்தில் காட்டப்படும் பரிவு என்பதே என் எண்ணம்.

இசை மனிதரை மாற்றும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. பாலைப்பண் கேட்ட வழிப்பறிக் கள்வர் ஆயுதத்தைக் கீழே போட்டதைப் பொருநராற்றுப்படை சொல்கிறது. கொடிச்சி குறிஞ்சிப்பண் பாட, தினைப்புனத்துக்கு வந்த யானை கதிரைத் தின்ன மறந்து நின்றபடியே உறங்குவதை அகநானூற்றின் 102ஆம் பாட்டில் காணலாம். போரில் புண்பட்டவனைச் சுற்றி யாழும் பல்லியமும் ஒலிக்கக் காஞ்சி பாடியதைப் புறநானூறு காட்டுகிறது. இன்றைய ஆய்வுகளும் இந்தப் பக்கமே நிற்கின்றன. பார்க்கின்சன் நோயாளிகளின் தடுமாறும் நடையைச் சீரான தாளம் ஒழுங்குபடுத்துகிறது. 1982இல் மில்லிமன் என்பவர் அமெரிக்கப் பல்பொருள் அங்காடி ஒன்றில் நடத்திய ஆய்வில், மெதுவான இசை ஒலித்தபோது மக்கள் மெதுவாக நடந்தார்கள். வேகமான இசை ஒலித்த நாட்களைவிட விற்பனை 38 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இவ்வளவும் சரி.

ஆனால் இவற்றில் வேலை செய்தது எது? பெரும்பாலும் வேகம். இத்தாலியைச் சேர்ந்த பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 2006இல் 24 பேரைப் பலவகை இசை கேட்கவைத்து மூச்சையும் நாடியையும் அளந்தார்கள். பீத்தோவனும் விவால்டியும் ராப்பும் டெக்னோவும் அதில் இருந்தன. சிதாரில் வாசித்த ஒரு ராகமும் இருந்தது. வேகம் கூடக் கூட மூச்சும் நாடியும் ரத்த அழுத்தமும் ஏறின. இசை எந்தப் பாணி என்பதைவிட அதன் வேகமே முன்னின்றது. இசைக்கு நடுவே இரண்டு நிமிடம் மௌனம் விட்டார்கள். அப்போதுதான் நாடியும் அழுத்தமும் இசை தொடங்கும் முன் இருந்த அளவைவிடக் கீழே இறங்கின. ரத்த அழுத்தத்துக்கு ஆனந்தபைரவியைச் சிபாரிசு செய்பவர்கள், அந்த ஆய்வில் நடுவே விட்ட மௌனத்துக்கு இருந்த பங்கையும் சொல்லியிருக்க வேண்டும்.

பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வரிசை படித்துப் பார்த்தாலே அது எப்படித் தயாரானது என்பது தெரிந்துவிடும். இந்துஸ்தானி ராகங்களுக்கு வடக்கே சொல்லிவந்த குணங்களைத் தூக்கி, அதே பெயருள்ள நம் ராகங்களின் தலையில் வைத்திருக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தால் ராகம் ஒன்றாகிவிடுமா? அவர்களுடைய பைரவி வேறு, நம் பைரவி வேறு. அவர்களுடைய தோடியின் ஸ்வரங்கள் நமக்குச் சுபபந்துவராளி. நம் தோடியின் ஸ்வரங்களோ அவர்களுக்குப் பைரவி. நம் ஹிந்தோளத்துக்கு அங்கே மால்கௌன்ஸ் என்று பெயர். அவர்கள் ஹிந்தோல் என்பது முற்றிலும் வேறு ராகம். ஸ்ரீ ராகத்துக்கும் இதே கதைதான். நோய்க்குத் தோடி என்று எழுதியவர் எந்தத் தோடியைச் சொல்கிறார் என்று கேட்டால் பதில் வராது. இரண்டாம் ஆண்டு இசைக்கல்லூரி மாணவருக்குத் தெரிந்த இந்த வேறுபாடு தெரியாமல் எழுதப்பட்ட ஒன்றை மருந்துச் சீட்டாக மாட்டிவைக்கிறோம்.

என் நெடுநாள் ஆட்சேபம் இதற்கும் அடியில் இருக்கிறது. ஒரு ராகத்துக்குள் ஓர் உணர்ச்சி முன்கூட்டியே அடைக்கப்பட்டிருக்கிறது, வாயில் போட்டால் அது உடலில் கரைந்துவிடும் என்ற நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன். ராகம் மாத்திரை அல்ல. முகாரி என்றால் அழுகை என்று ஊரே சொல்கிறது. சபரிக்குக் கிடைத்த பாக்கியத்தை எப்படி வருணிப்பேன் என்று தியாகராஜர் நெகிழ்ந்து வியக்கிற கிருதி முகாரியில்தான் இருக்கிறது. அதை நன்றாகப் பாடக் கேட்டவர் எவரும் அதைச் சோகம் என்று சொல்லமாட்டார். சாருகேசி உருக்கத்துக்கான ராகம் என்கிறார்கள். 1944இல் வந்த 'ஹரிதாஸ்' படத்தில் தியாகராஜ பாகவதர் துள்ளலும் குறும்புமாகப் பாடிய மன்மத லீலைப் பாட்டு சாருகேசிதான். தமிழ்நாடே சேர்ந்து பாடிய பாட்டு அது. அதைக் கேட்டு யாரும் உருகி அழவில்லை. அதே சாருகேசியில் பிற்காலத் திரையிசை அழவும் வைத்திருக்கிறது. ஆரோகண அவரோகணம் மாறவில்லை. நடை மாறியது, சொல் மாறியது, குரல் மாறியது, திரையில் நடந்த காட்சி மாறியது.

நீலாம்பரியையே எடுத்துக்கொள்வோம். அது தூக்கம் தருவதற்குக் காரணம் அதன் காந்தாரமோ நிஷாதமோ என்று ஆராய்கிறார்கள். கோயிலில் பள்ளியறைக்குச் சுவாமி போகும்போது நாகஸ்வரத்தில் நீலாம்பரி வாசிப்பார்கள். வீட்டில் தொட்டிலை ஆட்டிக்கொண்டு தாய்மார் அதில் தாலாட்டுப் பாடினார்கள். தலைமுறை தலைமுறையாக விளக்கு அணையும் நேரத்தில், விளம்ப காலத்தில், தாழ்ந்த குரலில் காதில் விழுந்த ராகம் அது. தூக்கத்தோடு அதற்கு உண்டான உறவு அப்படி வளர்ந்தது. அந்த வழக்கம் எதுவுமே இல்லாத வீட்டில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அது ஒரு ராகம், அவ்வளவே.

பட்டியல்காரர்கள் சான்றாகக் காட்டும் பழங்கதைகளும் அவர்களுக்கு உதவுவதில்லை. வயிற்றுவலியால் துடித்த சீடர் தம்பியப்பனுக்காக முத்துசுவாமி தீட்சிதர் அடாணாவில் குரு பகவான் மீது கிருதி செய்தார் என்பது கதை. பிலஹரியில் தியாகராஜர் பாட, இறந்தவர் எழுந்தார் என்பது இன்னொரு கதை. இவற்றை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் கதைக்குள்ளேயே பாருங்கள்: தீட்சிதர் வேண்டியது கிரகத்தை, தியாகராஜர் வேண்டியது ராமனை. தெய்வத்தையும் பக்தியையும் கழித்துவிட்டு, மீந்த ஸ்வர வரிசைக்குக் குணமாக்கும் சக்தி உண்டு என்று சொன்னால் முதலில் மறுப்பவர்கள் அந்த இருவராகவே இருந்திருப்பார்கள்.

உறவினர் ஒருவருக்குத் துணையாக ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் உட்கார்ந்திருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். சுவரோர ஒலிபெருக்கியில் வீணை ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. எழுபது வயதை ஒட்டிய ஒருவர் செவிலியரைக் கூப்பிட்டு, "சிஸ்டர், அந்த வீணையக் கொஞ்சம் நிறுத்தும்மா. யாரோ தலைவர் செத்துப்போன மாதிரியே இருக்கு" என்றார். "பி.பி. குறையுறதுக்குத்தான் வைக்கிறோம் ஐயா" என்றார் அந்தப் பெண். அவர் விடவில்லை. "டி.எம்.எஸ். பாட்டு ஏதாவது இருந்தா போடேன்." செவிலியர் தயங்கி, தன் கைப்பேசியிலேயே ஒரு பழைய பாட்டைப் போட்டு அவர் தலையணை ஓரம் வைத்தார். ஊசி ஏறிய இடக்கையை அசைக்காமல், வலக்கை விரல்களால் கட்டில் கம்பியில் அவர் தாளம் போடத் தொடங்கினார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் சேர்ந்து முணுமுணுத்தார்.

அந்தப் பெரியவர் சொன்னது விநோதமான பேச்சு அல்ல. 1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டபோதும், 1987இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் வானொலி வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு வாத்திய இசையை ஒலிபரப்பியது. பாட்டும் விளம்பரமும் நின்று வெறும் வாத்தியம் கேட்டால், யார் போனார் என்று தெருவில் விசாரிப்பார்கள். ஒரு தலைமுறையின் காதில் வீணைக்கும் சாரங்கிக்கும் அந்த அர்த்தம் ஏறிவிட்டது. எந்த ராகத்தை வாசித்தாலும் அது போகாது. ரத்த அழுத்தத்துக்கு ஆனந்தபைரவி என்று எழுதிய கைக்கு இந்தப் பெரியவரின் வாழ்க்கை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அந்தப் பட்டியலில் இல்லை.

பறையை நினைத்துப் பார்க்கலாம். பறைச் சத்தம் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கலக்கம் தோலிலிருந்தா வருகிறது? சாவு வீட்டுக்கு அடிப்பதைச் சில சாதியினரின் கட்டாயக் கடமையாக ஊர் வைத்திருந்ததிலிருந்து வருகிறது. அதே பறையை இன்று கல்லூரி மேடையில் மாணவிகள் அடித்து ஆடும்போது அரங்கமே எழுந்து நிற்கிறது. 2025இல் மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கருவி மாறவில்லை, கேட்கிற சமூகம் மாறிக்கொண்டிருக்கிறது. ராக சிகிச்சைப் பட்டியல்களில் பறைக்கு இடமில்லை, ஒப்பாரிக்கு இடமில்லை, கானாவுக்கும் இடமில்லை. துக்கத்தை வாய்விட்டுக் கொட்டி அழவைத்து நெஞ்சை இலேசாக்குவதில் ஒப்பாரியைவிடப் பழகிய வழி நம் ஊரில் எது? அதைச் சிகிச்சை என்று சொல்ல ஏன் யாருக்கும் மனம் வரவில்லை? சில பேருடைய வீட்டு இசை மருந்து, மற்றவர்களுடையது இரைச்சல் என்ற பழைய கணக்கு அறிவியல் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. கானா கேட்கும் பையன்கள் கெட்டுப்போவார்கள், சாஸ்திரிய இசை கேட்பவர்கள் சாந்தமாக வளர்வார்கள் என்று சொல்பவர்களும் இதே ஆட்கள்தாம். இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்று.

இசையை மருந்தாக்கிவிடும் இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல. 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த சிறு ஆய்வு ஒன்று மொசார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள் வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் தேர்வில் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் பெற்றதைச் சொன்னது. கலந்துகொண்டவர்கள் 36 பேர். விளைவு நீடித்தது கால் மணி நேரத்துக்கு உள்ளாக. அதற்குள் மொசார்ட் கேட்டால் குழந்தை புத்திசாலியாகும் என்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். அடுத்த ஆண்டே கனடா ஆய்வாளர்கள் மொசார்ட்டுக்குப் பதிலாக ஸ்டீபன் கிங்கின் கதை ஒன்றை வாசிக்கக் கேட்கவைத்துப் பார்த்தார்கள். இசையை விரும்பியவர்கள் இசைக்குப் பிறகும், கதையை விரும்பியவர்கள் கதைக்குப் பிறகும் நன்றாகச் செய்தார்கள். மனத்துக்குப் பிடித்த ஒன்று ஆளைச் சற்றுச் சுறுசுறுப்பாக்கியது, அவ்வளவே. அங்கே சோதித்தார்கள், அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இங்கே "முன்னோர் சொன்னது" என்ற ஒரு வாக்கியம் சோதனையின் வாசலை அடைத்து நிற்கிறது. அடுத்த வாக்கியத்திலேயே "அறிவியல் நிரூபித்துவிட்டது" என்றும் சொல்கிறார்கள்.

யாருக்கு என்ன கெடுதல் என்ற கேள்விக்கு வருகிறேன். ரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை போடும் ஒருவர், மாத்திரையைக் குறைத்துக்கொண்டு ராகத்தை நம்பினால் பக்கவாதம் வரக்கூடும். அது ஒரு கெடுதல். இன்னொன்று இசைக்கு நேர்வது. ஆனந்தபைரவியை மணிக்கணக்கில் பின்னணியில் ஓடவிட்டுக் காய்கறி நறுக்கும் பழக்கம் கர்நாடக இசைக்கு ரசிகரைக் கொண்டுவராது. கேட்காமல் இருப்பதற்கே அது பழக்குகிறது. ஒரு பாடகர் மேடையில் ராகத்தை விரித்து, எதிர்பாராத ஓர் இடத்தில் நின்று, நம்மை அதுவரை அறியாத ஒரு மனநிலைக்குக் கொண்டுபோகிறாரே, அதற்காகத்தான் சபாவுக்குப் போகிறோம். ராகத்தின் பலன் முன்பே சீட்டில் எழுதியிருக்குமானால் பாடகருக்கு அங்கே வேலையே இல்லை.

மருத்துவமனை நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வரவேற்பறைச் சுவரில் இருக்கும் அந்தப் பட்டியலைக் கழற்றிவிடுங்கள். பொது ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, நோயாளியிடம் என்ன பாட்டு வேண்டும் என்று கேளுங்கள். எம்.எஸ். என்பார், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு என்பார், இளையராஜா என்பார், நாகூர் ஹனிபா என்பார். ஒன்றும் வேண்டாம், சும்மா இருக்கவிடுங்கள் என்று அவர் சொன்னால் அதையும் செய்யுங்கள்.