பாடகர் மேடைக்கு வருவதற்குள்

ராக் இசையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குச் சில காலமாக ஒரு சோகக்கதை பிடித்துப்போயிருக்கிறது. நட்சத்திரங்கள் வெறும் பொம்மைகள். பாட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள் கூலிக்கு வாசித்த செஷன் கலைஞர்கள். அவர்கள் பெயரை உலகம் விழுங்கிவிட்டது. 2002இல் 'ஸ்டாண்டிங் இன் த ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன்', 2008இல் 'த ரெக்கிங் க்ரூ' என்று ஆவணப்படங்கள் வரிசைகட்டி வந்து இதைச் சொல்லின. நல்ல படங்கள்தான். ஆனால் நம்மை அழவைத்த அளவுக்கு அவை கேட்கவைக்கவில்லை.

தொடக்க காலம் எல்லோருக்கும் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் டாமி டெடெஸ்கோ, லண்டனில் பிக் ஜிம் சல்லிவன், அவரை அடுத்து வந்த இளைஞர் ஜிம்மி பேஜ். மூன்று மணி நேர செஷன், கையில் காசு, அடுத்த ஸ்டுடியோவுக்கு ஓட்டம். ஜேம்ஸ் பர்ட்டன் 1969 முதல் 1977 வரை எல்விஸின் பக்கத்தில் நின்றார். எழுபதுகளின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் டேனி கோர்ச்மார் குழுவினர் வந்தார்கள். தயாரிப்பாளர் பீட்டர் ஆஷர் அவர்கள் பெயர்களை இசைத்தட்டு உறையில் அச்சிட்டார். பாராட்ட வேண்டிய காரியம். அந்த வாசிப்பு எனக்கு எப்போதும் கொஞ்சம் தூக்கம் வரவழைக்கும் என்பது வேறு விஷயம்.

நான் நிற்க விரும்பும் இடம் ஸ்டீவ் ஹன்டர், டிக் வாக்னர் என்ற இரண்டு கிதார்க்காரர்கள். ஹன்டர் இல்லினாய் மாநிலத்து டெகாட்டூர்க்காரர். 1971இல் மிட்ச் ரைடரின் 'டெட்ராய்ட்' குழுவில், லூ ரீடின் 'ராக் அண்ட் ரோல்' பாட்டை முரட்டுத்தனமாக மறுபடி வாசித்தார். தயாரிப்பாளர் பாப் எஸ்ரின். அதன்பின் எஸ்ரின் எங்கே போனாலும் இந்த இருவரையும் கூட்டிப்போனார்: ஆலிஸ் கூப்பர், 1973இல் லூ ரீடின் 'பெர்லின்'. விமர்சகர்கள் 'பெர்லி'னைக் குதறினார்கள். ஆனாலும் ரீட் இருவரையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார்.

1973 டிசம்பர் 21, நியூயார்க், அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கு. அன்று பதிவானதுதான் 'ராக் அண்ட் ரோல் அனிமல்'. ஹன்டர் எழுதிய முன்னிசையோடு தொடங்குகிறது. ஒரு கிதார் ஒரு காதில், இன்னொன்று மறு காதில். கீழே பாஸ் வாசிப்பவர், பம்பாயில் பிறந்து கனடாவில் வளர்ந்த பிரகாஷ் ஜான். மூன்று நிமிடத்துக்கு மேல் இரண்டு கிதார்களும் ஒன்றையொன்று துரத்துகின்றன, ஒட்டிக்கொள்கின்றன, விலகுகின்றன. எந்தப் பாட்டு வரப்போகிறது என்பதற்குத் துப்பே இல்லை. பிறகு 'ஸ்வீட் ஜேன்' பாட்டின் அந்த எளிய கார்டுகள் விழும்போது கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. ஆள் வந்துவிட்டார். கையில் கிதார் இல்லை.

ரீடின் பழைய குழுவான வெல்வெட் அண்டர்கிரவுண்டின் பக்தர்கள் இதை மன்னிக்கவே இல்லை. இருட்டறைப் பாட்டை விளையாட்டு மைதானத்துக்கு இழுத்து வந்துவிட்டார்கள் என்றார்கள். சோகக்கதைக்காரர்களோ இதே தட்டைக் காட்டி, ரீட் சும்மா நின்றார், வித்தை முழுக்க இவர்களுடையது என்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் காது பழுது. அந்த முன்னிசை, ஒரு மனிதர் உள்ளே வருவதற்காகக் கட்டப்பட்ட வாசல். அவர் வராவிட்டால் அது சாமர்த்தியமான கிதார் வேலை, அவ்வளவே. நல்ல பக்கவாத்தியக்காரர் தனி ஆவர்த்தனத்துக்காகப் பிறந்தவரல்ல. பாடகருக்கு எங்கே இடம்விட வேண்டும் என்று அறிந்தவர். இன்னொன்று: அந்த முன்னிசைக்கு ஹன்டர் பெயர் தட்டிலேயே இருக்கிறது. யாரும் திருடவில்லை.

பெயர் இல்லாத இடமும் உண்டு. 1974இல் வந்த ஏரோஸ்மித்தின் 'கெட் யுவர் விங்ஸ்' தட்டில் 'ட்ரெயின் கெப்ட் எ-ரோலிங்'. முதல் பாதியின் சோலோக்கள் ஹன்டர், பிற்பாதி வாக்னர். ஸ்டுடியோவில் வாசித்ததன்மேல் கூட்டத்தின் கைதட்டலை ஒட்டிவைத்தார்கள். உறையில் இருவர் பெயரும் காணோம். அநியாயம்தான். ஆனால் அங்கே அவர்கள் வேலையே ஏரோஸ்மித்காரர்களாக ஒலிப்பது. பல வருடம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்றால் வேலை எத்தனை சுத்தம்!

வயிற்றெரிச்சல் இருக்க வேண்டிய இடம் வேறு. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் உண்டு, வாசித்தவருக்குக் கிடையாது. ஆலிஸ் கூப்பரோடு சேர்ந்து 'ஒன்லி விமன் ப்ளீட்', 'ஐ நெவர் க்ரை', 'யூ அண்ட் மீ' ஆகியவற்றை வாக்னர் எழுதினார். 2014இல் இறக்கும்வரை அவர் பெயர் அந்தப் பாட்டுகளோடு போயிற்று. வெறும் வாசிப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதைப் பற்றி ஆவணப்படம் எடுப்பது கடினம். சட்டப் பிரிவு அழாது.

எண்பதுகளுக்குப் பிந்தைய கதையை ஒரு வரியில் முடித்துவிடலாம்: காதுக்குள் டிக் டிக் என்று ஓடும் கிளிக், பின்னால் முன்கூட்டியே பதிவான தடங்கள், தட்டில் உள்ளதை அச்சு மாறாமல் வாசிக்கும் சமர்த்துப் பிள்ளைகள். குறை சொல்ல ஏதுமில்லை, கேட்கவும் ஏதுமில்லை.

அதற்குப் பதில் 1977க்குப் போகலாம். பீட்டர் கேப்ரியலின் முதல் தனித்தட்டு, மறுபடியும் எஸ்ரின். 'சால்ஸ்பரி ஹில்' பாட்டின் அக்கூஸ்டிக் கிதார் ஹன்டருடையது. ஏழு எண்ணிக்கை; நம் மிஸ்ர சாபு தெரிந்தவருக்கு வியப்பில்லை, ஆனால் நாலு நாலாகத் தட்டிப் பழகிய கை ஒரு தட்டு முன்பின்னாக விழும். ஹன்டரின் விரல்கள் அந்தத் தடுமாற்றத்தைக் காட்டிக்கொள்வதே இல்லை. மலைச்சரிவில் பேசிக்கொண்டே நடப்பவர் போல் போகின்றன. கேப்ரியல் பாடத் தொடங்கும்போது அவை இன்னும் கொஞ்சம் தணிகின்றன. அடுத்த முறை அந்தப் பாட்டைக் கேட்டால், பாடகரை விட்டுவிட்டு அந்தத் தணிவை மட்டும் கேட்டுப்பாருங்கள்.