உமணர் சாத்தும் வழங்கல் மேலாண்மையும்: பாலக்காடு, இடுக்கி மலைவழிகளை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

சங்க இலக்கியத்தில் மேலாண்மைக் கூறுகளைக் காணும் கட்டுரைகள் அண்மைக் காலங்களில் கருத்தரங்குத் தொகுதிகளில் மிகுதியாக இடம்பெற்று வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. மேலாண்மைப் பாடநூலின் இயல் தலைப்புகள் இடப்பக்கத்திலும், அவற்றிற்குப் பொருந்துவதாகக் கருதப்படும் பாடலடிகள் வலப்பக்கத்திலும் நிறுத்தப்படும். ‘இன்று மேலைநாட்டார் கண்டதை அன்றே தமிழர் கண்டனர்’ என்னும் தொடருடன் கட்டுரை நிறைவுபெறும். இம்முறை பாடலுக்கும் நன்மை செய்வதில்லை. மேலாண்மையியலுக்கும் நன்மை செய்வதில்லை. பாடல் என்ன நோக்கத்திற்காக அச்செய்தியைச் சொல்கிறது என்பதும், யாருடைய கண்ணிலிருந்து சொல்கிறது என்பதும் இதனால் மறைந்துபோகின்றன. செயற்பாட்டு மேலாண்மை, வழங்கல் மேலாண்மை ஆகியவற்றின் தொடக்கநிலைக் கருத்துகளை உமணர், மிளகுச் சாத்து ஆகியோர் பற்றிய பாடல்களுடன் ஒப்பிட்டு, அவ்வொப்பீடு எதுவரை செல்லும், எங்கு முறியும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாலக்காட்டுக் கணவாயும் இடுக்கி மலைத்தொடரும் ஆய்வுக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

கருத்துகளின் எல்லை

இடுபொருளை ஏற்றுப் பயன்பொருளாக மாற்றும் நடவடிக்கைகளைத் திட்டமிட்டு நடத்துதல் செயற்பாட்டு மேலாண்மை ஆகும். அப்பொருள் விளையும் இடத்திலிருந்து நுகர்வோர் கைக்குச் செல்லும்வரை இடைப்பட்ட கைகள், கிடங்குகள், ஊர்திகள், செய்திகள், பணம் ஆகியவற்றை ஒரே தொடராகக் கண்டு நெறிப்படுத்துதல் வழங்கல் மேலாண்மை ஆகும். ‘வழங்கல் தொடர் மேலாண்மை’ என்னும் சொல்லாட்சியை 1982இல் கீத் ஆலிவர் என்னும் ஆலோசகர் பொதுவழக்கிற்குக் கொணர்ந்தார். ஒருமுறைக்கு எவ்வளவு சரக்கை வாங்குவது சிக்கனமானது என்னும் கணக்கை ஃபோர்டு ஹாரிஸ் 1913லேயே வகுத்துவிட்டார். கொள்திறன், இருப்பு, இடர், கால அளவு, செலவு ஆகிய ஐந்தும் இத்துறையின் அடிப்படைச் சொற்கள். இவற்றுள் எதுவும் சங்கப் புலவர்க்குக் கலைச்சொல் அன்று. அவர்கள் கண்டவை வண்டியும் எருதும் பாதையும் மட்டுமே. இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

உப்பின் வழி

நெய்தல் நிலத்து உப்பை மலைநாட்டிற்குக் கொண்டுசென்று விற்றவர் உமணர். உப்பு மலிவானது, எடை மிக்கது, மழையில் கரைந்துவிடும். எவரும் அதனைத் தவிர்த்து வாழவும் இயலாது. ஆகவே அதனை நெடுந்தொலைவு கொண்டுசெல்வோர் பெருமளவில் ஏற்றினாலன்றிப் பயனில்லை. பல வண்டிகள் வரிசையாகச் செல்லும் ‘ஒழுகை’ என்னும் அமைப்பு இவ்வாறு தோன்றியிருக்க வேண்டும்.

நற்றிணை 183ஆம் பாடல் இவ்வணிகத்தின் உட்கணக்கைத் திறந்துகாட்டுகிறது. ஒரு நாட்டில் விளைந்த வெண்ணெல்லைக் கொணர்ந்து, மற்றொரு நாட்டு உப்பின் விலையைக் கூவிச் சொல்லி மாற்றிக்கொண்டு, சுற்றத்தோடு புலம்பெயர்ந்து செல்லும் உமணர் அங்குப் பேசப்படுகின்றனர். போகும்போது ஒரு சரக்கு, மீளும்போது வேறு சரக்கு. வெற்று வண்டி ஓட்டுவதால் நேரும் இழப்பே இன்றும் சரக்குந்து உரிமையாளர்களின் பெரும் கவலை. கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியே பாலக்காட்டிற்குள் நுழையும் சரக்குந்து ஓட்டுநர் ‘ரிட்டன் லோடு’ என்று குறிப்பிடுவதும் இதனையே. அகநானூறு 140ஆம் பாடலில் உமணன் மகள் நெல்லுக்கு நிகராக உப்பைத் தெருவில் கூவி விற்கிறாள். விலை மறைக்கப்படவில்லை, ஊரறியச் சொல்லப்படுகிறது.

இப்பாடல்களுள் மேலாண்மைக் கட்டுரையாளர்கள் மிகுதியாகக் கையாள்வது புறநானூறு 102 ஆகும். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார், உமணர் வண்டியின் அடிமரத்தில் கட்டிவைத்த சேமவச்சுக்கு ஒப்பிடுகிறார். மாற்று அச்சு ஏன் வேண்டும் என்பதற்குப் பாடல் மூன்று காரணங்களைத் தருகிறது. எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. ஏற்றிய பண்டமோ பெரிது. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்பதை அறிந்தவர் எவருமிலர். முதலாவது திறன் பற்றியது. இரண்டாவது சுமை பற்றியது. மூன்றாவது நிச்சயமின்மை பற்றியது. காப்பிருப்பு எவ்வளவு வைப்பது என்று இன்று கணிப்பவரும் இம்மூன்றையே அளந்து பார்ப்பர். இதுவரை ஒப்பீடு செம்மையாகவே செல்கிறது. திருக்குறள் 475ஆம் பாடலில் மென்மையான மயிற்பீலியும் அளவுமீறி ஏற்றப்பட்டால் வண்டியின் அச்சை முறிக்கும் என்று வள்ளுவர் கூறுவதையும் இதனுடன் சேர்த்துக் காணலாம். ஔவையார் முறிவுக்கு ஆயத்தமாகிறார். வள்ளுவர் முறிவைத் தவிர்க்கச் சொல்கிறார். இவை வேறுவேறான இரு அணுகுமுறைகள். இரண்டையும் ‘இடர் மேலாண்மை’ என்னும் ஒரே தலைப்பில் அடைத்துவிடுவது பொருந்தாது.

இனி ஒப்பீடு முறியும் இடத்தைக் காணலாம். சேமவச்சும் ஒரு சுமையே. முன்னரே மிகை பாரம் கொண்ட வண்டி அதனையும் சேர்த்துச் சுமக்கிறது. பயன்படாமல் தொங்கிக்கொண்டே செல்வதுதான் அதன் நற்பேறு. பொகுட்டெழினி அத்தகையவன் எனப்படும்போது, தந்தை தாங்கிய பாரத்தைத் தந்தைக்குப்பின் தாங்க வேண்டியவன் என்னும் குறிப்பும் உடன் எழுகிறது. முதல் அச்சு ஒருநாள் முறியும் என்பதை அறிந்த ஒருவரின் பாராட்டு அது. அதியமானுடன் நெருங்கிப் பழகிய ஔவையாரின் வாயிலிருந்து வருவதால் அக்குறிப்பு மேலும் அழுத்தம் பெறுகிறது. காப்பிருப்பு விளக்கத்தோடு நின்றுவிடும் கட்டுரைக்கு இப்பொருள் அகப்படாது.

ஏனைய பாடல்களில் உமணர் வணிகத்தின் வெற்றியைக் காட்டிலும் அதன் எச்சங்களே மிகுதியாக இடம்பெறுகின்றன. குறுந்தொகை 165இல் ஏறுதற்கரிய கரையில் நின்ற உப்புவண்டி பெருமழையில் அழிகிறது. மீதூர்ந்த விருப்பத்திற்கு அது உவமை. குறுந்தொகை 124இல் உமணர் தங்கிப்போன இடம் பாழ்பட்ட ஊர்போல் தோன்றுகிறது. நற்றிணை 138இல் மலைக்கு உப்பேற்றிச் சென்ற உமணர் கைவிட்ட பழைய வண்டிமரத்தில் குருகு முட்டையிடுகிறது. வணிகன் கணக்கிலிருந்து நீக்கிவிட்ட பொருளைப் புலவர் எடுத்துக்கொள்கிறார். புறநானூறு 116இல் பாரி மகளிர் குப்பைமேட்டில் ஏறி நின்று உமணரின் வண்டிகளை எண்ணுகின்றனர். தந்தையை இழந்த அப்பெண்களுக்கு எண்ண எஞ்சியவை அவையே.

மிளகின் வழி

பெரும்பாணாற்றுப்படை இரு வேறு ஊர்திமுறைகளை அடுத்தடுத்து வைக்கிறது. முதலில் உமணர் வண்டிகள்: கைக்குழந்தையுடைய பெண் எருதை ஓட்டுகிறாள்; வண்டியில் கோழிக்கூடு உள்ளது; குடும்பமே உடன் பெயர்கிறது. அடுத்து மிளகுப்பொதி சுமந்த கழுதைச் சாத்து: காலை மூடும் செருப்பும் வாளும் கொண்ட வணிகர் உடன் செல்கின்றனர், சுங்கம் கொள்ளும் பெருவழியை வில்வீரர் காக்கின்றனர். எடை மிக்க மலிவுச் சரக்கிற்கு வண்டி. எடைக்கு விலை மிக்க சரக்கிற்கு, ஏற்ற இறக்கமான வழியில், பொதிவிலங்கு. சரக்கின் விலையும் நிலத்தின் இயல்பும் ஊர்தியைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. இருபுறமும் சமமாகத் தொங்கும் மூட்டைகளுக்கு உருத்திரங்கண்ணனார் தேடிய உவமை, மரத்தின் அடியில் காய்த்த சிறுசுளைப் பலாப்பழம். மிளகுக்கொடி பலாமரத்தில் படரும் நாட்டினர்க்கு இவ்வுவமையின் நயம் உடனே விளங்கும்.

ஆயின் இப்பெருவழி பாலக்காட்டுக் கணவாய்தான் என்று உறுதியாகக் கூற இயலாது. பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட இளந்திரையன். பாணன் செல்வது தொண்டைநாட்டிற்கு. மிளகு மேற்குமலையினது என்பது உறுதி. அது எவ்வழியே கிழக்கே வந்தது என்பதைப் பாடல் சொல்லவில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்துகிடக்கும் கணவாயே வண்டிகளுக்கு ஏற்ற வழி என்பதும், அதன் கிழக்கே நொய்யல் கரையில் அமைந்த கொடுமணல் பதிற்றுப்பத்தில் அணிகலன்களுக்காகப் பேசப்படுவதும், அங்கு 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் கல்மணித் தொழிலின் சான்றுகள் கிடைத்ததும், கரூர்ப் பகுதியில் உரோமானியக் காசுகள் கிடைத்ததும் அவ்வழியின் பழமைக்குத் துணைநிற்கின்றன. இவை தொல்லியல் தரும் அனுமானம். பாடலின் கூற்று அன்று. இவ்வேறுபாட்டைப் பல கட்டுரைகள் பேணுவதில்லை.

அதே புலவர் பாடிய பட்டினப்பாலையில் ஒரு சொற்சிக்கல் உண்டு. புகாரில் குவிந்த பொருள்களைப் பட்டியலிடும்போது, குதிரைகள் நீர்வழி வந்தன என்றும் மிளகு மூட்டைகள் ‘கால்’ வழி வந்தன என்றும் கூறப்படுகிறது. கால் என்பது காற்றையும் குறிக்கும். சக்கரத்தையும் அதன்வழி வண்டியையும் குறிக்கும். காற்று எனக் கொண்டால் மிளகு பாய்மரக் கலத்தில் வந்ததாகும். வண்டி எனக் கொண்டால் மேற்குமலையிலிருந்து கொங்குநாட்டைக் கடந்து காவிரிக் கரையோடு வந்ததாகும். நீருக்கு எதிர்நிலையில் கால் வைக்கப்பட்டிருப்பதால் நிலவழிப் பொருளே ஏற்புடையது. குதிரையும் காற்றின் துணையால்தானே கடல் கடந்தது? அதற்கு நீர் என்றும் மிளகிற்குக் காற்று என்றும் பிரித்துக் கூறப் புலவர்க்குத் தேவை இல்லை. வழங்கல் வழியைப் பற்றிய அறிவு பாடபேதமும் உரைவேறுபாடும் தீர்க்க உதவும் இடம் இது. மேலாண்மை நோக்கு இலக்கிய ஆய்விற்குச் செய்யத்தக்க உண்மையான உதவி இத்தகையதே.

இடுக்கி மலைகளின் மிளகிற்கு வழி வேறு. அம்மலைகளின் நீரைத் தாங்கி மேற்கே ஓடும் பெரியாறே அதன் பெருவழி. அகநானூறு 149இல் சுள்ளி எனப்படும் அவ்வாற்றின் முகத்தில் யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீள்கின்றன. புறநானூறு 343இல் மலைப்பொருளும் கடற்பொருளும் முசிறியில் ஒன்றுசேர்கின்றன. கலத்தின் பொன்னைக் கழித்தோணிகள் கரைசேர்க்கின்றன. பெருங்கலத்திலிருந்து சிறுதோணிக்கு மாற்றும் இடைமாற்றுப் பணி அது. வியன்னாவில் உள்ள, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த, 1985இல் பதிப்பிக்கப்பெற்ற பாப்பிரசு ஆவணம் முசிறி வணிகத்தின் மறுமுனையைக் காட்டுகிறது. செங்கடலில் இறக்கிய சரக்கை ஒட்டகத்தில் ஏற்றிக் கோப்டோசுக்கும், நைல் வழியே அலெக்சாந்திரியாவுக்கும் கொண்டுசெல்லும் பொறுப்பும், வழியெங்கும் சரக்கு கடன் கொடுத்தவரின் முத்திரையின்கீழ் இருத்தல் வேண்டும் என்பதும் அதன் விதிகள். நான்கில் ஒரு பங்கு சுங்கம். பட்டினப்பாலையில் சோழனின் புலிமுத்திரை பொறிக்கப்பட்ட மூட்டைகளை இதனோடு இணைத்துக் காணலாம். முன்னதில் முத்திரை கடன் கொடுத்தவனைக் காக்கிறது. பின்னதில் அரசனின் வரியைக் காக்கிறது.

பாரம் சுமந்தோர்

பெரும்பாணாற்றுப்படையில் வரும் கழுதைகளின் முதுகில் தழும்பு உண்டு. சுங்கச் சாவடி, காவல், சமமான பொதி என அனைத்தும் செம்மையாக அமைந்த ஓர் ஏற்பாட்டின் நடுவே, அவ்வேற்பாடு எதன்மேல் ஏறிச் செல்கிறது என்பதைப் புலவர் ஒரே அடைமொழியில் பதிவுசெய்கிறார். செலவு என்னும் சொல்லுக்குள் அத்தழும்பு அடங்குவதில்லை. மேலாண்மைக் கட்டுரைகள் அவ்வடைமொழியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

இடுக்கி எல்லையின் பிற்கால வரலாறு இவ்விடத்தில் பொருத்தமானது. மூணாற்றுத் தேயிலையைக் கொண்டுசெல்ல 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் எருதுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் அமைக்கப்பட்டது. 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷன் வரை வந்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியே கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிநாயக்கனூர் வழியே தூத்துக்குடித் துறைமுகம் சேர்ந்தன. தண்டவாளம், கம்பி, வண்டி, மீண்டும் தண்டவாளம், கலம் என ஐந்து கைமாற்றங்கள். 1924 பெருவெள்ளம் இருப்புப்பாதையை அழித்தது. ஒரே வழியை நம்பிய தொடர் ஒரு மழையில் அறுந்தது. குறுந்தொகையின் உப்புவண்டி இங்கு நினைவிற்கு வராமற் போகாது. ஏலம் இன்றும் எல்லையின் இருபுறத்தையும் இணைக்கிறது. இடுக்கியில் விளையும் ஏலக்காய் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகிறது. தேனி மாவட்டத்திலிருந்து கூலித்தொழிலாளர் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியே ஜீப்புகளில் தோட்டங்களுக்குச் செல்கின்றனர்.

தேயிலை, ஏலம் ஆகியவற்றின் வழங்கலைச் சொல்லும் வரலாறுகள் தொழிலாளர் வழங்கலைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. தோட்டங்களுக்கு முதல் இடுபொருள் மனிதரே. பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, இரா.முருகவேள் மொழிபெயர்ப்பில் 2007இல் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வந்த நாவல், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள ஆனைமலைத் தோட்டங்களைக் களமாகக் கொண்டது. டேனியல் தோட்டத்தில் பணியாற்றிய மருத்துவர். திருநெல்வேலிச் சீமையின் பஞ்சத்தில் வாடிய கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி தரும் முன்பணத்தால் பிணைக்கப்பட்டு மலையேறுகின்றனர். ஆள் திரட்டும் தரகர், முன்பணம், பயணம், தோட்டத்தில் ஒப்படைப்பு என நாவலின் தொடக்கப்பகுதி முழுவதும் ஒரு வழங்கல் தொடரின் படிநிலைகளாகவே அமைந்துள்ளது. சரக்கின் இடத்தில் மனிதர் நிற்கின்றனர். காய்ச்சலில் மாண்டவர்க்கு மாற்றாக அடுத்த ஆண்டு மேஸ்திரி புதிய ஆட்களைக் கொணர்கிறார். ஔவையார் ஓர் இளவரசனுக்குச் சொன்ன சேமவச்சு என்னும் உவமை, இத்தோட்டங்களில் பெயரற்ற கூலிகளின் நிலையாகிவிடுகிறது.

உமணரின் குடும்பமும் வண்டியோடுதான் பெயர்ந்தது. எனினும் அவர்களது வண்டி அவர்களுடையது. விலையை அவர்களே கூவினர். தங்கிய இடம் பிடிக்காதபோது சுற்றத்தோடு புறப்பட அவர்களால் முடிந்தது. கருப்பனுக்கும் வள்ளிக்கும் முன்பணக் கணக்கு தீரும்வரை மலையிறங்க உரிமை இல்லை. கணக்கோ ஆண்டுதோறும் வளர்ந்தது. 2015இல் மூணாற்றில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் போனசு கேட்டுச் சாலையில் அமர்ந்தபோது, தேயிலைத் தொடரின் முதற்கண்ணியில் உள்ளோரின் கணக்கு அவர்கள் குரலிலேயே வெளியில் கேட்டது.