முடிசூடிய கோமாளியும் மலையகக் கோமாளியும்

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலையும் பேதைமையையும் ஒருங்கு வைத்து எண்ணுவர் தொல்காப்பியர். கோமாளி என்னும் பாத்திரத்தை விளங்கிக்கொள்ள இதனினும் சிறந்த திறவுகோல் வேறில்லை எனலாம். பேதைமை அவன் பூணும் வேடம். எள்ளல் அவன் செய்யும் தொழில். இவ்விரண்டும் ஒருவனிடத்தே கூடும்போதுதான் கோமாளி பிறக்கின்றான்.

பிரெஞ்சு ஓவியர் ஒனோரே டோமியே (1808 - 1879) கல்லச்சு முறையில் ஏறத்தாழ நாலாயிரம் படங்களை ஆக்கியவர். மன்னன் லூயி பிலிப்பைப் பெருந்தீனி அரக்கனாகத் தீட்டிய குற்றத்திற்காக 1832இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றவர். அவ்வனுபவம் அவரது கையைக் கட்டிவிடவில்லை. 1834இல் ‘லா கரிக்கத்யூர்’ என்னும் ஏட்டில் ‘திரையை இறக்கு, கேலிக்கூத்து முடிந்தது’ என்னும் பொருள்படும் தலைப்புடன் அவர் வரைந்த படம் வெளிவந்தது. அதிலே பருத்த உடலுடன் அரங்கின் முன்னே நிற்கும் கோமாளி வேறு யாருமல்லன், மன்னனே அவன். அவனுக்குப் பின்னே திரை இறங்குகின்றது. திரைக்கு அப்பால் இருப்பதோ மக்கள் பிரதிநிதிகளின் சபை.

இப்படத்தைக் காண்போர் முதலிற் சிரிப்பர். சிரிப்பு அடங்கியதும் ஒரு வினா எழும். கூத்தை நடத்துபவனே கோமாளியாயின், ஏமாந்தவர் யாவர்? நாடாளுமன்றம் நாடகமாயின், அதற்குக் கட்டணம் செலுத்தியவர் யாவர்? மன்னனின் உருவத்தைச் சிறுமைப்படுத்துவதோடு டோமியே அமையவில்லை. காண்போனையும் தன்னிலை உணரச் செய்கின்றார். இப்படத்தின் வன்மை இதுவேயாகும்.

இனி, லுணுகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களை நோக்குவோம். மாசி மாதத்திற் காமன் கம்பம் ஊன்றித் தப்பொலியுடன் இரவிரவாகக் கூத்தாடும் மரபு மலையக மக்களுக்கு உரியது. மதனும் ரதியும் பாடலிற் பேசுவர். தேவரும் தூதரும் விருத்தத்திற் பேசுவர். கோமாளியோ அன்றாட வழக்கிற் பேசுவான். புராணத்துக்கும் லயத்துக்கும் இடையே பாலமாக நிற்பவன் அவனே. துரையின் நடையும், கங்காணியின் அதட்டலும், கணக்கப்பிள்ளையின் தராசும் புராணக் கதையினுள் நுழைவதற்கு அவன் வாயன்றி வேறு வாயிலில்லை. காலையிற் பிரட்டுக்களத்திலே தலைகுனிந்து நிற்கவேண்டியவன், இரவிலே குல்லாய் அணிந்ததும் தலைநிமிர்ந்து பேசுகின்றான்.

இரு கோமாளிகளுக்குமிடையே உள்ள வேற்றுமை ஈண்டுப் புலப்படும. டோமியே ஆள்பவனைக் கோமாளியாக்கினார். மலையகக் கூத்திலோ ஆளப்படுபவனே கோமாளியாகி, ஆள்பவனை எள்ளுகின்றான். முன்னதில் வேடம் ஒரு தண்டனை. பின்னதில் அது ஒரு கவசம். ‘கோமாளி சொன்னான்’ என்றால் யார்மீதும் குற்றமில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பயனாக நாடற்றவராக்கப்பட்டு, வாக்குரிமையும் இழந்து நின்ற ஒரு சமூகத்திற்கு இக்கவசம் எத்துணை தேவையாயிருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனினும் கவசத்திற்கும் ஒரு விலை உண்டு. 1835ஆம் ஆண்டு செப்டெம்பரில் பிரான்சின் அரசு படங்களுக்கு முன்தணிக்கை விதித்தது. ‘லா கரிக்கத்யூர்’ மறைந்தது. டோமியே மன்னனை விட்டு, நாடக மேடையிற் புகழ்பெற்ற றொபேர் மக்கேர் என்னும் எத்தனைப் பற்றிக்கொண்டு, வணிகர், வழக்கறிஞர் முதலியோரின் வஞ்சகங்களை வரைந்தார். தடை வந்தபோது எள்ளல் இடம் மாறியதேயன்றி இறந்துபடவில்லை. ஏனெனில் படம் தாளிற் பதிந்திருந்தது. ஆண்டுகள் நூறு கடந்தும் அதனைக் காண முடிகின்றது. மலையகக் கோமாளியின் சொல்லோ விடியலோடு கலைந்துவிடுகின்றது. அதனை எந்தச் சட்டத்தாலும் பறிமுதல் செய்ய இயலாது என்பது உண்மை. அதனை எந்த நூலகமும் பாதுகாக்கவில்லை என்பதும் உண்மையே.

கூத்தினை ஏட்டிலே பதிப்போர் பாடல்களையும் விருத்தங்களையும் பேணுவர். கோமாளியின் உரைநடை இரவுக்கிரவு மாறுவதாலும், கொச்சையெனக் கருதப்படுவதாலும் எளிதில் விடுபட்டுப்போகும். முழு இரவுக் கூத்தை அரைமணி நேர மேடை நிகழ்ச்சியாகச் சுருக்கும்போதும் முதலில் வெட்டப்படத்தக்கவன் அவனே. அவ்வாறு வெட்டியபின் எஞ்சுவது பக்திக் கதையாக இருக்கலாம். தோட்ட மக்களின் கூத்தாக இராது.

டோமியே தம் பிற்காலத்தில், முரசறைந்து கூவியும் எவரும் திரும்பிப் பாராத தெருக்கோமாளிகளைத் தீட்டினார். அவ்வோவியங்களிலே நகையில்லை, அவலமே உண்டு. லுணுகலைக் கோமாளியும் அந்நிலையை எய்தாதிருக்க வேண்டுமாயின், பல்கலைக்கழகங்களிற் கூத்தினை ஆராயும் மாணவர் ஒலிப்பதிவுக் கருவியைப் பாடகரிடம் மட்டுமன்றிக் கோமாளியிடமும் கொண்டுசெல்ல வேண்டும். அவன் கொச்சையைத் திருத்தாது எழுதவேண்டும். மக்கள் எதைக் கண்டு சிரித்தனர் என்பதை அறியாதார், எதற்காக அழுதனர் என்பதையும் அறியார்.