தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’: ஒரு தங்கவயல் வாசகனின் பார்வை

மர்ம நாவல் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகள், சுஜாதாவின் கணேஷ் - வசந்த், ராஜேஷ்குமாரின் மாத நாவல்கள். மைசூர் மைன்ஸ் லைன்களில் இவை ஒரு வீட்டில் தொடங்கி, அட்டை கிழிந்து, பத்தாவது வீட்டில் போய் நிற்கும். நைட் ஷிப்டு முடித்து வந்தவர்கூட முடிவு தெரியாமல் தூங்க மாட்டார். இவ்வகைக் கதைகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. குடும்பத்தில் ஒரு ரகசியம் இருக்கும். கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் வந்து அதை அவிழ்ப்பார். அவிழ்ந்ததோடு சரி, புத்தகத்தை மறுபடி எடுக்க வேண்டிய வேலையில்லை.

1966இல் வெளிவந்த தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலை யாரும் இந்த வரிசையில் வைப்பதில்லை. ஆனால் நான் அதை முதலில் படித்தது ஒரு மர்மக்கதையைப் போலத்தான். பல ஆண்டு கழித்துத் திரும்பப் படித்தபோதும் அந்தப் படபடப்பு குறையவில்லை. ரகசியம் என்னவென்று முன்கூட்டியே தெரிந்திருந்தும் ஏன் குறையவில்லை என்பதே என் கேள்வி.

கதை தெரியாத அன்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காவிரிக்கரை வேதபாடசாலையில் சிறுவயதிலிருந்து படித்த அப்பு, படிப்பை முடித்துச் சென்னைக்குக் கிளம்புகிறான். பாடசாலையை நடத்தும் பவானியம்மாளின் உறவுப் பெண் இந்து, இளம் விதவை. அவள் அவன்மேல் வைத்த ஆசையை அவன் தள்ளிவிடுகிறான். அவன் மனசில் அம்மா அலங்காரம் தெய்வமாக நிற்கிறாள். அந்த அம்மாவைப் பற்றித்தான் இந்து ஒரு சொல்லைப் போட்டு உடைக்கிறாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் சிவசு என்ற பணக்காரர் வந்து போகிறார். கடைசித் தம்பி தங்கைகளின் முகத்தில் அவர் சாயல்!

கவனியுங்கள், ரகசியம் இங்கே கடைசியில் வெளிவரவில்லை. கதை பாதிகூடப் போகுமுன் நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. சங்கர்லாலாக இருந்தால் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார். ஜானகிராமனுக்கோ அதற்கப்புறம்தான் வேலை ஆரம்பமாகிறது. யாருக்கு எவ்வளவு தெரியும்? எவ்வளவு காலமாகத் தெரியும்? தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை? சாதாரணமாக ஒருவர் காபி கேட்டாலே நமக்குத் திக்கென்கிறது, இப்போது சொல்லிவிடுவாரோ என்று. கிரேக்க நாடகத்தில் ஈடிபஸ் தன் குடும்ப ரகசியத்தைத் தானே தேடிக்கொண்டு போகிறான். அப்பு தேடவில்லை. அது அவனைத் தேடி வருகிறது. வந்த பிறகு அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் முழிக்கிறான்.

இந்தப் படபடப்பின் மையம் தண்டபாணி, அப்புவின் அப்பா. பெரிய மனுஷர்களுக்கு வேதாந்தம் சொல்லிக்கொடுப்பவர், ஜோசியம் பார்ப்பவர். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் வாய் திறப்பதில்லை. இளவயதில் படித்தபோது, “என்ன மனுஷன்யா இவரு!” என்று எரிச்சல்பட்டேன். இவரைக் கோழை என்று ஒதுக்குவோரும் உண்டு, மகான் என்று கும்பிடுவோரும் உண்டு. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. தெரிந்த விஷயத்தைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை நடத்துவது ஒரு தினசரி உழைப்பு. அதை வெளியிலிருந்து பார்ப்பவர் உணர்வது கடினம்.

எனக்கு அது புரிந்தது எங்கள் லைன் வீட்டை நினைத்தபோதுதான். என் அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். சம்பளம் வந்ததும் வடாற்காட்டு ஊருக்கு இரண்டு மணியார்டர் போகும். ஒன்று பாட்டிக்கு. மற்றது யாருக்கு என்று பிள்ளைகள் நாங்கள் கேட்டதில்லை, கேட்கக்கூடாது என்று எப்படியோ தெரிந்திருந்தது. இரண்டு ஃபாரத்தையும் எழுதிக் கொடுத்தது அம்மாதான். கையெழுத்து ஒன்றுகூடக் கோணியதில்லை. தட்டிச் சுவரும் பொதுக்குழாயும் உள்ள லைனில் ரகசியம் ஏது? எல்லாருக்கும் தெரியும். “ஊர்ல ஒண்ணு, மைன்ஸ்ல ஒண்ணு” என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அப்பா காலமான பிறகும் சில மாதம் அந்த இரண்டாவது மணியார்டர் போயிற்று.

ஆண் செய்தால் சிரிப்பு, பெண் செய்தால்? ‘அம்மா வந்தாள்’ வந்தபோது எழுந்த கண்டனங்களை அறிந்தவர்களுக்கு விடை தெரியும். எம். கிருஷ்ணனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1972இல் வந்தது. அதன் தலைப்பு ‘தி சின்ஸ் ஆஃப் அப்பூஸ் மதர்’, அதாவது அப்புவின் தாய் செய்த பாவங்கள். மொழிபெயர்ப்பின் தரத்தைப் பற்றி நான் பேசவில்லை, தலைப்பைத்தான் சொல்கிறேன். அம்மா வந்தாள் என்று மட்டும் சொல்லி ஜானகிராமன் நிறுத்திக்கொண்ட இடத்தில், ஆங்கிலத் தலைப்பு தீர்ப்பையும் எழுதிவிட்டது. ‘வந்தாள்’ என்ற சொல்லில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

இந்த நாவலைப் பற்றி நண்பர்களிடையே பேசியபோது ஒருவர் கேட்டார்: “வேதம் ஓதறவங்க வீட்டுக் கதை நமக்கு எதுக்குப்பா?” நியாயமான கேள்வி. அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளைச் சித்தார்த்த புத்தகசாலை மூலம் பதிப்பித்துப் பரப்பிய ஊர் நம்முடையது. வேதத்தின் புனிதத்தை நூறாண்டுக்கு முன்பே கேள்வி கேட்ட மண். ஆனால் அந்தக் கண்ணோடு படித்தால்தான் நாவலின் கூர்மை இன்னும் தெரிகிறது. தன் குற்றத்தைக் கழுவிக்கொள்ளத்தான் அலங்காரம் ஒரு பிள்ளையை வேதத்துக்கு அனுப்புகிறாள். அவனோ கடைசியில் பாடசாலைக்கே திரும்பி இந்துவோடு நின்றுவிடுகிறான். வேதம் யாரையும் கழுவிக் கரையேற்றவில்லை. இதை ஜானகிராமன் உரக்கச் சொல்லவில்லை, கதை சொல்லிவிடுகிறது.

குறையே இல்லையா என்றால், உண்டு. சிவசு வெறும் நிழலாக நின்றுவிடுகிறார். அலங்காரத்தின் மனசுக்குள் ஆசிரியர் நம்மை அதிகம் விடுவதில்லை. அவளுடைய அழகையும் கம்பீரத்தையும் சொல்லிச் சொல்லி மாய்கிறாரே தவிர, அவள் ஏன் இந்த வாழ்க்கையை ஏற்றாள் என்பதை நாமேதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. சுற்றியுள்ள அத்தனை பேரின் மௌனமும் நமக்குக் கேட்கிறது, அவளுடையது மட்டும் மூடியே கிடக்கிறது. ரகசியத்தைக் காப்பாற்றவே அப்படிச் செய்தார் என்று சிலர் வாதிடலாம். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை.

முடிவில் அவள் காசிக்குப் புறப்படுகிறாள். முதல் வாசிப்பில் அது சரியான தண்டனை என்று எனக்குத் தோன்றியது, உண்மையைச் சொல்வதில் வெட்கமில்லை. இப்போது அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, யாரும் விதிக்காத தண்டனையை அவள் ஏன் தானே எழுதி எடுத்துக்கொண்டு போகிறாள் என்று கேட்கத் தோன்றுகிறது. அப்பு அவளைத் தடுத்திருக்கலாம். தண்டபாணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிவசுவை யாரும் எங்கும் போகச் சொல்லவில்லை.

(மைசூர் மைன்ஸ் வாசகர் ஒருவர்)